தஞ்சாவூரில் வாடகை வீடு: வாடகை வீட்டுக்கா, கேட்கிற ஆளுக்கா?

"வீடு வாடகைக்குன்னு போர்டு பார்த்தேங்க..."

"ஆமா தம்பி. எத்தனை பேரு?"

"நானும் ஃப்ரெண்டும். ரெண்டு பேரு."

"பேச்சுலரா? எங்க வேலை?"

சொல்கிறீர்கள். "சொந்த ஊரு எது?" அதையும் சொல்கிறீர்கள். "அங்க எந்தத் தெரு?" இந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம். அதையும் சமாளித்த பிறகுதான் "வாடகை எவ்வளவுங்க?" என்று நீங்கள் கேட்க முடிகிறது. பதில்: "நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டா ஊர்களில் வீடு தேடியவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடமாகியிருக்கும். சென்னையில் ஒரு ஏரியா பெயரைச் சொன்னால் 'டூ பெட்ரூம் இவ்வளவு' என்று போனிலேயே தெரிந்துவிடும். இங்கே ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு இரண்டு வாடகை இருக்கும். எது நியாயமான வாடகை என்று யாரைக் கேட்டாலும் "ஆளைப் பொறுத்து" என்பார்கள். அது ஏன் அப்படி, நம் கையில் இருக்கும் அளவுகோல்கள் என்னென்ன என்று பார்ப்போம்.

போர்டு மாட்டுவதற்கு முன்பே போய்விடும் வீடுகள்

2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 2.23 லட்சம். 2014-ல் மாநகராட்சி ஆனது. வாடகைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி சம்பளக்காரர்கள், மாணவர்கள். மருத்துவக் கல்லூரியின் பயிற்சி டாக்டர்களும் நர்ஸ்களும், தமிழ்ப் பல்கலைக்கழகம், வல்லம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள், புதுக்கோட்டை சாலையில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், விமானப்படைத் தளம். இப்போது 2024 செப்டம்பரில் திறந்த மேலவஸ்தாசாவடி டைடல் நியோ பூங்காவும் சேர்ந்திருக்கிறது. அதன் பரப்பு 55,000 சதுர அடி. பெங்களூரோடு ஒப்பிட்டால் ஒரு கட்டடத்தின் ஒரு மூலைதான். ஆனால் 'ஊரிலேயே ஐ.டி. வேலை' என்று திரும்பி வருகிற சில நூறு பேர் இந்த அளவு ஊரின் வாடகைச் சந்தையை அசைக்கப் போதும்.

இவர்கள் எல்லோரும் தேடுவது மருத்துவக் கல்லூரி சாலை, புதிய பேருந்து நிலையம், நாஞ்சிக்கோட்டை சாலை என ஊரின் தெற்கு, தென்மேற்குப் பக்கத்தில். பழைய ஊரான நான்கு ராஜவீதிகள், கரந்தை பக்கம் புதுக் கட்டடங்கள் குறைவு. அங்கே வீடுகளே திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று கட்டுக்கட்டாக நீண்டு போகிறவை. அவற்றைக் குறுக்கே சுவர் வைத்து 'போர்ஷன்' ஆக்கியிருப்பார்கள். பெரிய கோவிலைச் சுற்றி இன்னொரு தடையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்று 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம் சொல்கிறது.

பெரிய வாடகைச் செயலிகள் பெருநகரங்களை வைத்துப் பிழைப்பவை. அவற்றில் தஞ்சாவூரைத் தட்டினால் வருவதில் பாதி, எப்போதோ போய்விட்ட வீடுகள். நல்ல வீடு காலியாகப் போகிறது என்ற தகவல் இஸ்திரி வண்டிக்காரருக்கும் பால்காரருக்கும் தெருமுனை மளிகைக் கடைக்கும் ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். அவர்கள் சொல்லி வருகிற ஆளுக்கு வாடகை ஒன்று. புரோக்கர் கூட்டிவருகிற ஆளுக்கு வாடகை இன்னொன்று, கூடவே ஒரு மாத வாடகை கமிஷன். ஆக, ஏரியாவை முடிவு செய்தபின் முதல் வேலை போனை உள்ளே வைத்துவிட்டு இரண்டு சாயங்காலம் அந்தத் தெருக்களில் நடப்பது. டீக்கடையில் "இங்க மாடி போர்ஷன் என்ன போகுது?" என்று நான்கு பேரிடம் கேட்டால், நான்கு பதிலில் மூன்று கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அதுதான் அந்தத் தெருவின் ரேட்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதை

நடக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். பூட்டிய வீடுகள். மகன் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருப்பார். அப்பா, அம்மா காலமாகியிருப்பார்கள். வாரம் ஒருமுறை யாரோ வந்து வாசல் பெருக்கிவிட்டுப் போவார்கள். இது தஞ்சாவூருக்கு மட்டுமான நிலைமை இல்லை. நாட்டின் நகர்ப்புறங்களில் 2001-ல் சுமார் 65 லட்சமாக இருந்த காலி வீடுகள் 2011 கணக்கெடுப்பில் 1.11 கோடியாகிவிட்டன. நகர வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961-ல் 54 சதவீதம், 2011-ல் 28 சதவீதம். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதைப் பேசும்போது சுட்டிய காரணங்களில், வாடகை வருமானம் குறைவு என்பதும் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைப்பது கஷ்டம் என்பதும் உண்டு.

டெல்டாவில் இதற்கு ஒரு கூடுதல் அடுக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. இது நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாழ்ந்த பூமி. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. உழுதவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றானது. குடியிருந்த மனையைக் கூலித் தொழிலாளிக்கே உரிமையாக்கிய சட்டம் 1971-ல் வந்தது. உழைத்தவர்களுக்கு நியாயமான, ரொம்பத் தாமதமாக வந்த உரிமைகள் இவை. ஆனால் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் நினைவில் இது வேறு மாதிரி பதிந்தது: "விட்டா திரும்ப வராது." அந்தப் பயம் வயலில் இருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல வருடம் இழுத்த வழக்குகள் அதை உறுதிப்படுத்தின. "எந்த ஊரு, யாரு சொல்லி வர்றீங்க" என்ற விசாரணையில் ஒரு பகுதி இந்தப் பயம். இன்னொரு பகுதி என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்?

அந்த 1960 சட்டத்தில் நியாய வாடகைக்கு ஒரு சூத்திரமே இருந்தது. இடத்தின் மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டடச் செலவு எல்லாம் சேர்த்து வரும் தொகையில், குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த 2017-ம் ஆண்டு புதுச் சட்டம் இந்தச் சூத்திரத்தைக் கைவிட்டது. இப்போது இருவரும் ஒத்துக்கொண்டு எழுதுவதுதான் வாடகை.

அப்படியானால் தரைவிலை என்று ஒன்றும் இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியப் பெருநகரங்களில் வீட்டின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம்தான் வாடகையாக வருகிறது. நீங்கள் பார்க்கும் வீடு இடத்தோடு 60 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம் என்றால் மாதம் ரூ.10,000. 3 என்றால் ரூ.15,000. 4 என்றால் ரூ.20,000. வீட்டுக்காரர் 22,000 கேட்டால் அந்த வீட்டில் அப்படி என்ன விசேஷம் என்று தாராளமாகக் கேட்கலாம்.

இதே கணக்கை அவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அந்த 60 லட்சத்தை ஆறரை சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் மாதம் ரூ.32,500 வரும். 3 சதவீத வாடகை அதில் பாதிகூட இல்லை. அவர் உங்களால் கொழுத்துப் போவதில்லை. இடத்தின் விலை ஏறும், வயசான காலத்தில் வீடு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வைத்திருக்கிறார். வாடகை என்பது அவருக்குக் காவல் கூலி மாதிரி. அதனால்தான் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிற ஆளைவிட, தொந்தரவு தராத ஆளுக்கு ஆயிரம் குறைத்துக் கொடுக்க அவர் தயாராக இருக்கிறார். பேரம் பேசும்போது இதை மறக்காதீர்கள். "குறைச்சுக்கோங்க சார்" என்பதைவிட, "மூணு வருஷம் இருப்பேன், ஒண்ணாம் தேதி அக்கவுன்ட்ல வந்துடும், எழுதித் தர்றேன்" என்பதற்கு இங்கே மதிப்பு அதிகம்.

வாடகை ஏற்றும்போது "வீட்டு வரி ஏத்திட்டாங்க" என்று சொல்வது வழக்கம். பொய் இல்லை. 2022-ல் சொத்து வரி திருத்தப்பட்டபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 1,201 முதல் 1,800 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 75 சதவீதம் ஏறியது. ஆனால் சதவீதத்தைக் கேட்டு மிரளாமல் ரூபாயில் பாருங்கள். அரையாண்டு வரி ரூ.2,000 இருந்தது ரூ.3,500 ஆனது என்றால், கூடுதல் சுமை மாதத்துக்கு ரூ.250. அதைக் காட்டி வாடகையில் இரண்டாயிரம் ஏற்றினால் மீதி 1,750 வேறெதற்கோ.

கரன்ட் மீட்டர் இன்னொரு மறைமுக வாடகை. கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள், மீட்டர் ஒன்று. இலவச 100 யூனிட் ஒரு இணைப்புக்கு ஒருமுறைதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி மேலே போய்விடும். ஆளுக்கு 300 யூனிட் எரிக்கிற இரண்டு குடும்பங்கள் தனி மீட்டரில் இருந்தால் கீழ் அடுக்கிலேயே தப்பித்துவிடும். ஒரே மீட்டரில் 600 ஆகி மேல் அடுக்குக்குப் போகும். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வீட்டுக்காரர் ஒரே ரேட்டாக வசூலித்தால் அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில். தனி மீட்டர் உள்ள வீட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். மாதக் கணக்கில் அது ரூ.8,333. அதனால் ஒப்பந்தத்தில் 8,000 என்று எழுதி, கையில் 11,000 வாங்குகிற ஏற்பாடு இங்கே சகஜம். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது, எனவே 'நமக்கென்ன' என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். தகராறு என்று வந்தால் எழுதிய எண்தான் பேசும், கையில் கொடுத்த 3,000-க்குச் சாட்சி இருக்காது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: தஞ்சாவூரில் சலுகை வரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், சென்னையில் 50.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் ஒரு மனக்குறை இருப்பது நியாயம். தஞ்சாவூர் 'இசட்' பிரிவு ஊர், வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம். ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் திருச்சி 'ஒய்' பிரிவு, 20 சதவீதம். மருத்துவக் கல்லூரி சாலையில் கேட்கிற வாடகை இந்தப் பாதி விகிதக் கணக்கைப் பார்த்துக் கேட்பதில்லை.

அட்வான்ஸ், ஒத்தி: பணம் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

2017 சட்டத்தின் 11-வது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே வரியில் 'வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய' என்ற விலக்கும் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாத அட்வான்ஸும் செல்லும். எனவே பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு.

அந்தப் பிடித்தத்தில்தான் சண்டை. "பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை" என்று கழிப்பது ஊர் வழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வயரிங்கும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. டேப் மாற்றுவது, சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதைவிட மலிவான சாட்சி கிடையாது.

ஒத்தி (சிலர் போக்கியம் என்பார்கள், இளைஞர்கள் 'லீசு') இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. மொத்தமாக ஒரு தொகை, மாத வாடகை இல்லை, முடியும்போது பணம் முழுசாகத் திரும்பும். ஐந்து லட்சத்தை 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு மாதம் சுமார் ரூ.2,900 கிடைத்திருக்கும். எட்டாயிரம் பெறும் வீடு ஐந்து லட்சம் ஒத்திக்கு வருகிறதென்றால் அது உங்களுக்குப் பெரிய லாபம். அவ்வளவு லாபத்தை ஒருவர் ஏன் உங்களுக்குத் தருகிறார்? பெரும்பாலும் அவருக்கு அவசரமாகப் பணம் தேவை, வங்கியில் அதற்கு மேல் கடன் கிடைக்காது. வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கலாம். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அனுபோக அடமானம் பதிவு செய்தால்தான் செல்லும். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது ஐந்து லட்சத்துக்குப் போதவே போதாது.

பழைய ஊரில் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும்: "அடிமனை யாருது?" அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டும் 88 கோயில்கள் இருக்கும் ஊர் இது. கோயில் மனையில் கட்டடம் மட்டும் சொந்தமாக இருப்பவர் ஒத்திக்குக் கொடுத்தால் உங்கள் பணத்துக்குப் பின்னால் நிலம் இல்லை.

பதினொரு மாத ஒப்பந்தம் போதுமா?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியைத் தவிர்க்கத்தான் பதினொரு மாத வழக்கம் வந்தது. 2017 சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்கள்தான் வாடகை அதிகாரிகள். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதையே வெளியேற்றக் கோரும் காரணங்களில் ஒன்றாக 21-வது பிரிவு வைத்திருக்கிறது. வாய்ப் பேச்சில் இருந்தால் நஷ்டம் முதலில் உங்களுக்கு. பதிந்தவருக்குக் கிடைக்கும் பெரிய பலன் இது: தகராறு வந்ததும் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது சட்டப்படி கூடாது, அதிகாரியிடம் புகார் கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

"அங்க எந்தத் தெரு?"

முதல் போன் உரையாடலுக்குத் திரும்புவோம். ஊர் பெயருக்கு அடுத்து தெருவைக் கேட்பது விலாசம் தெரிந்துகொள்ள இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். டெல்டா கிராமங்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்ற போர்டும், முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாரு" என்ற பதிலும், தனியாக வேலைக்கு வரும் பெண்ணிடம் "அப்பா, அம்மா கூட வந்து இருப்பாங்களா?" என்ற கேள்வியும் இதே ரகம்.

வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளைப் பிரித்துச் சொல்லும் 2017 சட்டத்தில், சாதியோ மதமோ பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு கிடையாது. சட்டம் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறது. மறுப்பு ஒப்பந்தத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15-வது பிரிவு சொல்கிறது, தனியார் வீட்டு வாசல் வரை அது வருவதில்லை. மறுக்கப்பட்டவர் என்ன செய்கிறார்? தள்ளிப் போகிறார், அல்லது கொடுக்கிற ஒன்றிரண்டு பேர் கேட்கிற தொகையைக் கொடுக்கிறார். ஒரே தெருவில் இரண்டு வாடகை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் கூடுதல் தொகை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. இதற்கு டிப்ஸ் எதுவும் நம்மிடம் இல்லை. சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ப்பது சட்டமன்றத்தின் வேலை.

எப்போது தேடுவது?

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்காக எல்லோரும் தேடுவார்கள், வாடகையும் அப்போதுதான் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். ஆடிக்கு முன்னால் போகாத வீடு ஆவணி வரை காலியாகவே கிடக்கும். சாஸ்திரம் பார்க்காதவர் நீங்கள் என்றால், துணிக்கடையில் மட்டும் இல்லை, வீட்டு வாடகையிலும் ஆடித் தள்ளுபடி உண்டு. கேட்டுப் பாருங்கள். சிலர் ஆனி கடைசியில் பால் மட்டும் காய்ச்சிவிட்டுப் போங்கள் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

வீட்டைப் பார்ப்பதற்கு நல்ல காலம் வேறு. ஐப்பசி மழையில் பாருங்கள். கல்லணைக் கால்வாயை (ஊர் பேச்சில் புது ஆறு) வைத்து ஊரைப் பிரித்துக்கொள்ளலாம். வல்லம் பக்கம் செம்மண் மேடு, தண்ணீர் நிற்காது, போர்தான் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். வடவாறு, வெண்ணாறு பக்கம் ஆற்று வண்டல். அங்கே நேற்று வரை நடவு நட்ட நஞ்சையில் இன்றைக்கு 'நகர்' என்று போர்டு வைத்திருந்தால், மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்பி எதிர்த்து வரும். வெயில் காலத்தில் போனால் சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரக்கோடு இருக்கிறதா, தரையிலிருந்து ஓரடிக்கு மட்டும் புதுசாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்களா, தெரு ரோடு வாசல் படியைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். எதிர் வீட்டு அம்மாவிடம் "மழைக்கு இங்க தண்ணி நிக்குமாங்க?" என்று கேளுங்கள். புரோக்கர் பக்கத்தில் இல்லாதபோது.